தெர்மோஸ்டாட் 32 காட்டுகிறது, ஆனால் பாம்பு சூடான பக்கம் போகவே மாட்டேன் என்கிறது

நிலாக்கல் | முதல் நாள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 14 மாத பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு) ஒன்று இருக்கிறது, பெண். எடை 620 கிராம். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி. ஒரு பக்கம் அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) ஒட்டியிருக்கிறேன், அது தரையில் மூன்றில் ஒரு பங்கு வரும். அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 32 டிகிரியில் வைத்திருக்கிறேன், திரையிலும் 32தான் தெரிகிறது. பின்சுவரில் ஒட்டிய முள் தெர்மாமீட்டர் 27 காட்டுகிறது.

மூன்று வாரமாக அவள் குளிர்ந்த பக்கத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே படுத்திருக்கிறாள். மூன்று முறை எலி வைத்தும் தொடவில்லை. போன தடவை சட்டை உரித்தபோது துண்டு துண்டாகத்தான் வந்தது, ஒரு கண்ணின் மேல் கண்மூடி (கண்ணை மூடியிருக்கும் பழைய தோல்) இன்னும் ஒட்டியிருக்கிறது.

சூடு போதவில்லையோ என்று தோன்றுகிறது. 35க்கு ஏற்றிப் பார்க்கலாமா?

செதில் | முதல் நாள், இரவு 10:05

ஏற்ற வேண்டாம். இன்றிரவு எதையும் மாற்றாதீர்கள். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஒயரின் நுனி சரியாக எங்கே இருக்கிறது? தரைப்பொருள் என்ன, எத்தனை செ.மீ. ஆழம்? ஈரப்பதம் எவ்வளவு?

புதுச்சட்டை | முதல் நாள், இரவு 10:22

என் கார்ன் ஸ்னேக்கும் இப்படித்தான் சாப்பிடாமல் இருந்தது. நான் இரண்டு டிகிரி ஏற்றினேன், அந்த வாரமே சாப்பிட்டது. நீங்களும் முயன்று பாருங்கள்.

செதில் | முதல் நாள், இரவு 10:31

உங்களுக்குப் பலித்தது நல்லதுதான் தம்பி. ஆனால் இது அதற்கு நேரெதிரான அறிகுறி. குளிரில் இருக்கும் பாம்பு சூடான மூலையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். இவள் சூட்டைவிட்டு விலகித் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். இந்த நிலையில் சூட்டை ஏற்றுவது ஆபத்து. ஒன்று அங்கே சூடு அதிகம், இல்லையென்றால் அந்தப் பக்கம் ஒளிந்துகொள்ள நல்ல இடம் இல்லை, அதுவும் இல்லையென்றால் உடம்பில் உண்ணி இருக்கலாம். கிண்ணத்தில் மிளகுப்பொடி தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள் நிலாக்கல்.

நிலாக்கல் | முதல் நாள், இரவு 11:10

உண்ணி இல்லை. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தரைப்பொருள் தேங்காய் நார்த்தூள், 6 செ.மீ. இருக்கும். சென்சார் நுனி நார்த்தூளுக்கு மேலே, சூடான பக்கத்து ஒளிவிடத்துக்குள் இருக்கிறது. அவள் படுக்கிற இடத்தில்தானே அளக்க வேண்டும் என்று அங்கே வைத்தேன். ஈரப்பதம் 38 சதவீதம்.

கரையான்புற்று | இரண்டாம் நாள், காலை 6:15

நிலாக்கல், இதைப் படித்தவுடன் முதல் வேலையாகச் சூடான பக்கத்து நார்த்தூளை ஒரு கையகலம் விலக்கி, அடிக்கண்ணாடியை நேரடியாக அளந்து பாருங்கள். டெம்பரேச்சர் கன் இருந்தால் அதில், இல்லையென்றால் புறங்கையை வைத்து. கையை வைத்திருக்க முடியவில்லையென்றால் உடனே மேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நிலாக்கல் | இரண்டாம் நாள், காலை 7:02

கன் இருந்தது. நார்த்தூள் மேற்பரப்பு 31.8. விலக்கிவிட்டு அடிக்கண்ணாடியை அளந்தால் 46.4! பக்கத்தில் இன்னொரு இடத்தில் 45.9. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கை நடுங்குகிறது. அவளுக்குச் சுட்டிருக்குமா?

கரையான்புற்று | இரண்டாம் நாள், காலை 7:50

பதற வேண்டாம். அவள் அந்தப் பக்கம் போகாமல் இருந்ததுதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. முதலில் வயிற்றைப் பாருங்கள். இரண்டு கையாலும் தாங்கித் தூக்கி, தொண்டையிலிருந்து வால்வரை அடிச்செதில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் சிவப்பு, பழுப்பேறிக் காய்ந்த ஓரம், நீர் கோத்த கொப்புளம், செதில் தூக்கிக்கொண்டு நிற்பது, இவற்றில் எது இருந்தாலும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டுக் களிம்பு எதுவும் தடவக் கூடாது. வயிறு முழுக்க ஒரே சீராக இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேறு. சட்டை உரிக்கப்போகும் பால் பைத்தானுக்கு அப்படி ஆவது வழக்கம்தான்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன், இதைப் புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டும்.

தெர்மோஸ்டாட்டுக்குப் பெட்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சென்சார் நுனி இருக்கும் ஒரு புள்ளி மட்டும்தான் அதற்குத் தெரியும். நீங்கள் அந்த நுனியை 6 செ.மீ. நார்த்தூளுக்கு மேலே வைத்தீர்கள். நார்த்தூள் ஒரு போர்வை. அடியில் இருக்கும் சூட்டை மேலே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே 32 வரும்வரை தெர்மோஸ்டாட் மேட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும், அதற்குள் கீழே 46 ஆகிவிடும். திரை பொய் சொல்லவில்லை. நாம் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாம்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் பகல் முழுக்க எலிவளையிலும் கரையான் புற்றிலும் கிடக்கும் உயிர். அதன் இயல்பே கீழே தோண்டிப் போவதுதான். நார்த்தூளைத் துழாவிக்கொண்டு அடிக்கண்ணாடிவரை போய்ப் படுத்துவிடும். அதனால் மேற்பரப்புச் சூட்டை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. பாம்பின் வயிறு படக்கூடிய மிகச் சூடான இடம் எதுவோ, அங்கேதான் அளவு.

எனக்கு இது தெரியவந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் என் முதல் பாம்பு, ஒரு ஆண், தெர்மோஸ்டாட்டே இல்லாத மேட்டின் மேல் நான்கு நாள் நகராமல் கிடந்தான். வசதியாக இருக்கிறது போல என்று நினைத்து விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் தூக்கியபோது அடிவயிற்றில் எட்டுச் செதில் அளவுக்குத் தோல் ஈரமாக உரிந்து கையோடு வந்தது. அந்த வாசனை இன்னும் மறக்கவில்லை. மருத்துவர் தந்த களிம்பு, தினமும் மாற்றும் வெள்ளைத் துணி விரிப்பு, தூளே இல்லாத பெட்டி. நான்கு முறை சட்டை உரித்த பிறகுதான் அந்த இடம் மூடியது. வடு கடைசிவரை போகவில்லை. சுடும்போது விலகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். வெயில் மேலேயிருந்து வருவதற்குப் பழகிய உடம்பு, அடியிலிருந்து மெல்ல ஏறும் சூட்டுக்கு எல்லாப் பாம்பும் விலகிப் போவதில்லை. சூடு தரும் செயற்கைப் பாறைகளால் இத்தனை பாம்புகள் வெந்துபோனதும் இதனால்தான்.

நிலாக்கல் | இரண்டாம் நாள், காலை 8:35

ஒவ்வொரு செதிலாகப் பார்த்தேன். கொப்புளம் இல்லை, பழுப்பு இல்லை. வயிறு முழுக்க வெள்ளை. மிகவும் நன்றி அண்ணா. உங்கள் பாம்பின் கதையைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

சென்சாரை இப்போது எங்கே வைக்க வேண்டும்? டேப் போட்டு அடிக்கண்ணாடியில் ஒட்டிவிடவா?

செதில் | இரண்டாம் நாள், காலை 8:48

உள்ளே டேப் மட்டும் வேண்டவே வேண்டாம்! எந்த டேப்பும். ஓரம் கொஞ்சம் எழும்பினால் போதும், பாம்பு அதில் ஒட்டிக்கொள்ளும். பிய்க்கப் பார்த்தால் செதிலோடு வரும். அப்படி மாட்டிய ஒன்றைச் சமையல் எண்ணெய் தடவி, ஒரு மணிநேரம் மெல்ல மெல்லப் பிரித்தெடுத்திருக்கிறேன். வெளியே டேப் போடலாம், உள்ளே கூடாது.

சென்சார் நுனியைத் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து அழுத்தி ஒட்டிவிடுங்கள். உள்ளே இருந்தால் பாம்பு நகர்த்திவிடும். குளிர்ந்த பக்கம் இழுத்துப் போட்டுவிட்டால் தெர்மோஸ்டாட் அந்தக் குளிரைச் சூடாக்கப் பார்த்து மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். கிண்ணத்து நீர் கொட்டி நுனி நனைந்தாலும் அளவு கீழே போகும். வெளியே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மேட்டை ஒட்டி இருப்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதனால் திரையில் உள்ள எண்ணை மறந்துவிட்டு, உள்ளே கண்ணாடித் தரையில் 33 வரும்வரை செட்டிங்கை நகர்த்திக்கொண்டே போங்கள். திரையில் அது 35 என்று இருக்கலாம், 36 என்று இருக்கலாம். கவலை வேண்டாம். ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் இரண்டு மணிநேரமாவது காத்திருந்து அளக்க வேண்டும், நார்த்தூளை மேலே போட்டு மூடிய நிலையில்.

அப்புறம் தொட்டியின் நான்கு மூலையிலும் அடியில் சின்ன ரப்பர் பாதம் வையுங்கள். மேட்டுக்கும் மேசைக்கும் நடுவில் காற்று போக வேண்டும்.

மரப்பொந்து | இரண்டாம் நாள், மதியம் 1:20

மேட்டைச் சரிசெய்வது நல்லதுதான். ஆனால் இந்தத் தொட்டிக்கு மேட் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. மேட் தரையைச் சூடாக்கும், காற்றை அல்ல. 90 செ.மீ. தொட்டியில், கம்பிவலை மூடியோடு, அறை 22 டிகிரிக்கு இறங்கும் இரவில் உள்ளே காற்றும் 22க்கு வந்துவிடும். கீழே வயிறு சூடு, மேலே மூச்சுக்காற்று குளிர். சளி பிடிக்கும் பால் பைத்தான்களில் பல இப்படித்தான் வருகின்றன. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் சீழ்க்கை மாதிரிச் சத்தம், தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, இவை வந்தால் வெப்பத்தை மட்டும் சரிசெய்து காத்திருக்கக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

மேலேயிருந்து சூடு கொடுங்கள். செராமிக் ஹீட்டர் ஒளி தராது, பகல் இரவு இரண்டுக்கும் ஆகும். ஹாலஜன் பல்பு பகலுக்கு மட்டும். ஹாலஜனின் வெப்பம் தசைக்குள் கொஞ்சம் ஆழமாக இறங்குகிறது, செராமிக்கின் வெப்பம் தோலின் மேலேயே நின்றுவிடுகிறது. நான் பகலில் ஹாலஜன், இரவில் குறைந்த அளவில் செராமிக் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தனித் தெர்மோஸ்டாட். ஹாலஜனுக்கு ஆன்-ஆஃப் வகை சரிவராது, பல்பு மினுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் போய்விடும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை வேண்டும். ஹீட்டர் பெட்டிக்குள் இருந்தால் கம்பிக்கூடு போட்டே ஆக வேண்டும், பால் பைத்தான் அதன்மேல் சுற்றிக்கொள்ளும்.

சிவப்பு இரவு பல்பு மட்டும் வாங்கிவிடாதீர்கள். பாம்புக்கு அது தெரியாது என்று சொல்வது தவறு. இரவில் இருட்டு வேண்டும்.

ஈரமண் | இரண்டாம் நாள், மாலை 4:45

மரப்பொந்து சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்க்காமல் இதைச் செய்தால் நிலாக்கல்லின் பாம்பு அடுத்த சட்டையையும் துண்டு துண்டாகத்தான் உரிக்கும். ஏற்கெனவே ஈரப்பதம் 38. மேலே ஹீட்டர் வைத்தால் இன்னும் விழும்.

22 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை, தண்ணீர் எதுவும் சேர்க்காமல் 32 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 33 சதவீதமாகிவிடும். நீராவி எங்கேயும் போகவில்லை. சூடான காற்றுக்கு நீரைத் தாங்கும் கொள்ளளவு கூடியதால் விகிதம் விழுந்தது. ஆக, வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்தேதான் சரிசெய்ய வேண்டும்.

கம்பிவலை மூடியில் முக்கால் பங்கை மூடுங்கள். ஹீட்டர் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டு, மீதிக்கு அக்ரிலிக் தகடு. மூலைகளில் தண்ணீரை நேரடியாக நார்த்தூளுக்குள் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருக்க வேண்டும். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் நடுவே நீர் சொட்டக் கூடாது. மேலே தெளித்துக்கொண்டே இருந்தால் ஒரு மணிநேரம் எண் ஏறும், அப்புறம் விழுந்துவிடும், மேற்பரப்பு மட்டும் நனைந்து வயிற்றுச் செதில் அழுகும். 60 முதல் 70 வரை நிலையாக நின்றால் போதும்.

கண்மூடியை இடுக்கியால் எடுக்கவே முயலாதீர்கள். கண்ணே போய்விடும். ஈரப் பாசி நிரப்பிய மூடிய டப்பா ஒன்றை, ஒரு வாசல் வெட்டி, தொட்டியின் நடுப்பகுதியில் வையுங்கள். அடுத்த சட்டையோடு பெரும்பாலும் அதுவும் கழன்று வரும். இரண்டு முறை உரித்தும் வராவிட்டால் மருத்துவர்.

புதுச்சட்டை | இரண்டாம் நாள், இரவு 8:10

படித்துவிட்டு என் கார்ன் ஸ்னேக் பெட்டியையும் அளந்தேன். அடிக்கண்ணாடி 37. நான் இரண்டு டிகிரி ஏற்றியதுதான். இறக்கிவிட்டேன். கார்ன் ஸ்னேக்குக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? இரவில் குறைக்க வேண்டுமா? அப்புறம், என் அறை கோடையில் 36 வரை போகும். தெர்மோஸ்டாட் அதைப் பார்த்துக்கொள்ளுமா?

கரையான்புற்று | இரண்டாம் நாள், இரவு 9:30

அளந்து பார்த்து இறக்கினீர்களே, அது பெரிய விஷயம் தம்பி.

கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு, பால் பைத்தானைவிடக் குளிர்ச்சியை விரும்பும். சூடான பக்கத் தரை 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. இரவில் 20, 21 வரை போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பால் பைத்தானுக்குச் சூடான இடம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் 24க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வேன். எதுவானாலும் இரை விழுங்கிய அடுத்த சில நாள் சூட்டைக் குறைக்கவே கூடாது. பாம்பின் செரிமானம் முழுக்க வெளிச்சூட்டை நம்பியிருக்கிறது. குளிர்ந்துபோனால் உள்ளே எலி அழுகத் தொடங்கி, நான்கைந்து நாள் கழித்துக் கக்கிவிடும். அப்படிக் கக்கினால் இரண்டு வாரமாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை.

கோடைக்கு வருவோம். தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தும், குளிர்விக்காது. அறை 36 என்றால் மேட் அணைந்திருந்தாலும் பெட்டி 36தான். கார்ன் ஸ்னேக்குக்கு அது உயிர் ஆபத்து. பெட்டியைத் தரைக்கு இறக்குங்கள், வெப்பக் காற்று மேலேதான் நிற்கும். உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கம்பிவலை மேல், குளிர்ந்த பக்கமாக வையுங்கள். குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும். உடம்பு முழுக்க மூழ்கும் அளவுக்குக் கிண்ணம் இருக்கட்டும். ஜன்னல் வெயில் கண்ணாடித் தொட்டிமேல் நேராகப் படவே கூடாது, கால் மணிநேரம் போதும் பாம்பை இழக்க.

நிலாக்கல் | நான்காம் நாள், இரவு 10:15

முள் தெர்மாமீட்டரை நம்பலாமா என்று சந்தேகம் வந்ததால் இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன், உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் நினைவில் வைப்பவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முள் 27 காட்டும் இடத்தில் டிஜிட்டல் இரண்டும் 23.5 காட்டுகின்றன. டிஜிட்டல் சரியா என்பதை எப்படி உறுதிசெய்வது?

செதில் | நான்காம் நாள், இரவு 10:40

நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். மூன்று நிமிடம் கழித்துச் சென்சார் நுனியை நடுவில் விடுங்கள், டம்ளர் சுவரைத் தொடாமல். பூஜ்யம் காட்ட வேண்டும். 0.6 காட்டினால் அந்தக் கருவி 0.6 கூட்டிக் காட்டுகிறது என்று அதன்மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கன் பற்றியும் ஒரு வார்த்தை. அது மேற்பரப்பை மட்டுமே அளக்கும், காற்றை அளக்காது. தொட்டிக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக அடித்தால் அந்தக் கண்ணாடியின் சூடுதான் வரும். பளபளக்கும் உலோகத்தின் மேல் அடித்தால் எண்ணே தப்பாக வரும். மூடியைத் திறந்து, ஒரு சாண் தூரத்தில் நேராகப் பிடித்து அளக்க வேண்டும். தூரம் கூடக்கூட அது பார்க்கும் வட்டமும் பெரிதாகும்.

நிலாக்கல் | பன்னிரண்டாம் நாள், காலை 6:50

எல்லாம் மாற்றிவிட்டேன். சென்சார் வெளியே மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில். செட்டிங் 35.5, உள்ளே மூடிய நார்த்தூளுக்கு அடியில் கண்ணாடி 33.1. குளிர்ந்த பக்கம் மேலே செராமிக் எதுவும் இல்லை, சூடான பக்கம் மட்டும் தனித் தெர்மோஸ்டாட்டோடு ஒன்று. வலையில் முக்கால் பங்கு மூடியாயிற்று. ஒரே மாதிரி ஒளிவிடம் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. வாசல் அவள் உடம்பு நுழையும் அளவு மட்டும், உள்ளே சுருண்டால் முதுகு கூரையில் படும்.

நேற்றிரவு தாழ்ந்த அளவு: சூடான பக்கக் காற்று 28.2, குளிர்ந்த பக்கம் 25.1. ஈரப்பதம் 64.

ராத்திரி 2 மணிக்கு எழுந்து பார்த்தேன். சூடான பக்கத்து ஒளிவிட வாசலில் அவள் மூக்கு மட்டும் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மரப்பொந்து | பன்னிரண்டாம் நாள், காலை 9:05

அருமை. இன்னும் ஒரு வாரம் இரை வைக்காதீர்கள், தூக்கவும் வேண்டாம். அவள் பெட்டியை முழுக்கச் சுற்றிப் பார்க்கட்டும். எடை மட்டும் ஒருமுறை. பால் பைத்தான் சில வாரம் சாப்பிடாமல் இருப்பது புதிதல்ல, ஆனால் எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு கேள்வி. தெர்மோஸ்டாட்டின் ரிலே (மின்சாரத்தை இணைத்து வெட்டும் சுவிட்ச்) ஆன் நிலையிலேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. அலாரம் அடித்ததால் பிழைத்தது. மேட்டுக்கு முன்னால் இன்னொரு மலிவான தெர்மோஸ்டாட்டைத் தொடராகப் போட்டு, முதலாவதைவிட 3 டிகிரி கூடுதலாக வையுங்கள். முதலாவது பழுதானால் இரண்டாவது வெட்டிவிடும்.

நிலாக்கல் | இருபதாம் நாள், இரவு 11:30

சாப்பிட்டாள்! 60 கிராம் எலி, இடுக்கியில் பிடித்து வாசலுக்கு நேராகக் காட்டியதும் ஒரே பாய்ச்சல். விழுங்கி முடித்துச் சூடான ஒளிவிடத்துக்குள்ளேயே போய்ச் சுருண்டுவிட்டாள். எடை 608 இருந்தது, 12 கிராம்தான் குறைந்திருக்கிறது. இரண்டாவது தெர்மோஸ்டாட்டும் போட்டுவிட்டேன், 38.5ல் வைத்திருக்கிறேன். முதலாவதின் சென்சாரை வேண்டுமென்றே வெளியே எடுத்துக் குளிரில் வைத்துச் சோதித்தேன், 38.5ல் வெட்டியது.

ஈரமண் | இருபதாம் நாள், இரவு 11:52

மனசு நிறைந்தது. கண்மூடி?

நிலாக்கல் | நாற்பத்தொன்றாம் நாள், காலை 7:20

இன்று காலை பாசி டப்பாவுக்கு வெளியே சட்டை கிடந்தது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு, உள்வெளியாகத் திரும்பி, இன்னும் ஈரமாக. தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கண்மூடியும் அதிலேயே இருக்கின்றன, ஒரு பக்கம் மட்டும் இரண்டு அடுக்காக.